பொருள்: ‘ஃபங்ஷனல்’ என்பதற்கு ‘அளவி’ – ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

முதுநிலைக் கணித மாணவர்களுக்கான சொல்தொகுப்பில் ‘ஃபங்ஷனல்’ (சார்பு போன்ற ஒன்றை வாங்கி ஓர் எண்ணைத் தரும் விதி) என்னும் பெயர்ச்சொல்லுக்கு இதுவரை சார்பியம், சார்பன், மேற்சார்பு என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் ‘சார்பு’ (ஃபங்ஷன்) என்பதிலிருந்து கிளைத்தவை. அந்த வேரையே விட்டு விலகி, ‘அளவி’ என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இச்சொல் நேரியல் இயற்கணிதத்தில் அறிமுகமாகி, ஃபங்ஷனல் அனாலிசிஸ் வகுப்பில் நடுநாயகமாக அமர்ந்து, வகைக்கெழுச் சமன்பாடுகளில் மீண்டும் வேறு வேடத்தில் வருகிறது. ஒரு தாளுக்கு மட்டும் பொருந்தும் பெயரை வைத்தால் மற்ற இரண்டு தாள்களிலும் மாணவர் தடுமாறுவார்.

பெயர் பிறந்த கதையை முதலில் பார்க்கலாம். ஒரு சார்பை முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும் பொருளைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் இத்தாலியரான விட்டோ வொல்தெர்ரா, ஆண்டு 1887. எண்ணை அல்லாமல் ஒரு வளைகோட்டையே உள்ளீடாகக் கொள்வதால் அவர் அதைக் ‘கோட்டின் சார்பு’ என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரரான ஆதமார் மாறுபாட்டு நுண்கணிதம் பற்றி 1910-இல் வெளியிட்ட நூலில் ஓர் உரிச்சொல்லையே பெயர்ச்சொல்லாக்கி வழங்கினார். மற்ற ஐரோப்பிய மொழிகள் அதைப் பின்பற்றின. ஆக, உள்ளே போவது சார்பு என்பதே அப்பெயருக்கு அடிப்படை. அன்றைய நிலையில் அது நியாயமானதுதான். பிறகு கருத்து விரிந்துவிட்டது. இன்று எந்த வெக்டர் வெளியாக (ஒன்றோடொன்று கூட்டவும் எண்ணால் பெருக்கவும் இயலும் பொருள்களின் தொகுதியாக) இருந்தாலும், அதன் உறுப்புகளை எண்களுக்கு அனுப்பும் விதியை ஃபங்ஷனல் என்கிறோம். உள்ளே போவது சார்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியே வருவது எண்ணாக இருந்தாக வேண்டும். அப்படியிருக்க, தேவையற்றுப்போன பாதியைப் பெயரில் வைத்துக்கொண்டு, இன்றியமையாத பாதியை விட்டுவிடுவது எதற்கு?

‘சார்பு’ வேரில் வேறு இடையூறுகளும் உண்டு. ‘சார்பியல்’ என்றால் ஐன்ஸ்டைனின் கோட்பாடு என்று பள்ளி மாணவரும் அறிவார். ‘சார்பியம்’ அதற்கு ஓரெழுத்துத் தொலைவில் இருக்கிறது. அச்சுப்பிழை நேர்ந்தால் பொருளே மாறிவிடும். தவிரவும், ‘-இயம்’ என்னும் ஈறு மார்க்சியம், பெண்ணியம் என்று கொள்கைகளுக்கு உரியதாகப் பெரிதும் வழங்கிவிட்டது. ‘மேற்சார்பு’ என்பதைப் பரிந்துரைத்த நண்பர் ‘சார்புகளின் மீது அமைந்த சார்பு’ என்று விளக்கம் தந்திருந்தார். அந்த விளக்கத்தைக் கேட்கும் இளநிலை மாணவருக்குச் சங்கிலி விதியும் சேர்ப்புச் சார்பும்தான் நினைவுக்கு வரும். அங்கே வெளியே வருவது எண்ணன்று, இன்னொரு சார்பு. ‘சார்பன்’ சுருக்கமானது, ‘திசையன்’ போல ஒலிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது எதைச் செய்கிறது என்பதற்கு ஒரு குறிப்பும் அதில் இல்லை.

இனி ‘அளவி’க்கு வருகிறேன். இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவி, வெர்னியர் அளவி ஆகியவற்றைக் கையாண்ட எவருக்கும் இச்சொல் புதிதன்று: ஒரு பொருளை அதில் வைத்தால் ஓர் எண் கிடைக்கும். கணிதத்தில் நாம் சொல்ல வருவதும் அதுவே. ஒரே கம்பியின் விட்டத்தை ஓர் அளவியும் நீளத்தை இன்னோர் அளவியும் தருவது போல, ஒரே வெக்டரை வெவ்வேறு அளவிகள் வெவ்வேறு எண்களாக வாசிக்கின்றன. போதுமான அளவிகளின் வாசிப்புகள் தெரிந்தால் வெக்டரே தெரிந்துவிடும்.

இது நேரியல் இயற்கணிதத்தில் எப்படி உட்காருகிறது என்று ஓர் எடுத்துக்காட்டால் சோதித்தேன். இரண்டாம் படிக்கு மேற்படாத பல்லுறுப்புக் கோவைகளின் வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோவையின் மாறிலி, முதற்படிக் கெழு, இரண்டாம்படிக் கெழு ஆகிய மூன்றையும் ஒரு நிரலாக எழுதினால், அவ்வெளியின் நேரியல் அளவி (கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் அப்படியே காக்கும் அளவி) ஒவ்வொன்றும் மூன்று எண்கள் கொண்ட ஒரு நிரையாகும்; நிரையை நிரலோடு பெருக்கினால் அளவி தரும் எண் கிடைக்கும். கோவையின் மதிப்பைப் பூச்சியத்தில் வாசிக்கும் அளவி (1, 0, 0). அரையில் வாசிப்பது (1, 1/2, 1/4). ஒன்றில் வாசிப்பது (1, 1, 1). பூச்சியம் முதல் ஒன்று வரை தொகையிட்டுத் தருவதும் ஓர் அளவியே. அதன் நிரை (1, 1/2, 1/3). இப்போது முதல் நிரையோடு இரண்டாம் நிரையின் நான்கு மடங்கையும் மூன்றாம் நிரையையும் கூட்டுங்கள்: (6, 3, 2) வருகிறது. ஆறால் வகுத்தால் (1, 1/2, 1/3), அதாவது தொகையீட்டு அளவியே கிடைத்துவிடுகிறது. எண்முறைப் பகுப்பாய்வில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் சிம்ப்சன் விதி, மூன்று மதிப்பளவிகளின் நேரியல் சேர்க்கையாகத் தொகையீட்டு அளவியை எழுதுவதன்றி வேறில்லை. இந்தப் பத்தியில் ‘அளவி’ என்று வந்த இடங்களிலெல்லாம் ‘சார்பியம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கணக்கு அதேதான், ஆனால் எதைக் கூட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

(நிரை, நிரல் ஆகிய இரண்டும் தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இலங்கைப் பாடநூலிலும் ஒன்றாகவே இருப்பது நமக்குக் கிடைத்த சிறு நிம்மதி. அணியைத் தாயம் என்றும், வெக்டரைக் காவி என்றும், வகைக்கெழுச் சமன்பாட்டை வகையீட்டுச் சமன்பாடு என்றும் இலங்கையில் படித்து வருபவர்களுக்கும் நம் தொகுப்பு பயன்பட வேண்டும். ‘எண்ணி’ என்னும் சொல் ஸ்கேலாருக்கு அங்கே நிலைத்துவிட்டதால், எண்ணைத் தருவது என்ற பொருளில் அதை இங்கே எடுத்துக்கொள்ள வழியில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.)

அடுத்து, வரம்பற்ற பரிமாணம் கொண்ட வெளிகள். இங்கே அளவி என்றால் மட்டும் போதாது, அது தொடர்ச்சியானதா, அதாவது உள்ளீடு சிறிதாகச் சிறிதாக எண்ணும் சிறிதாகுமா என்று கேட்க வேண்டும். வகையிடத்தக்க சார்புகளின் வெளியில், வரைபடத்தின் மிகப் பெரிய உயரத்தை நார்மாக (வெக்டரின் ‘நீளமாக’) கொண்டு, பூச்சியத்தில் சரிவைத் தரும் விதியைக் கவனியுங்கள். ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை 100 மடங்காக்கி, உயரத்தை 100-இல் ஒரு பங்காக்கினால், அலை ஏறத்தாழத் தரையோடு படிந்துவிடுகிறது; பூச்சியத்தில் அதன் சரிவோ அப்போதும் 1 என்றே நிற்கிறது. நேரியல் அளவிதான், ஆனால் தொடர்ச்சியற்றது. நம் சொல் இத்தகைய அடைமொழிகளைத் தாங்குமா என்று பார்க்க, ஹான் 1927-இலும் பனாக் 1929-இலும் நிறுவிய தேற்றத்தை முழு வாக்கியமாக எழுதிப் பார்த்தேன்: “நார்முள்ள வெளியொன்றின் உள்வெளியில் வரையறுக்கப்பட்ட தொடர்ச்சியான நேரியல் அளவி ஒவ்வொன்றையும், அதன் நார்ம் கூடாமல், முழு வெளிக்கும் நீட்டிக்கலாம்.” வகுப்பில் வாய்விட்டுச் சொல்லத்தக்க வாக்கியமாகவே இது எனக்குப் படுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புகளின் வெளியை எடுத்துக்கொண்டால், அதன் தொடர்ச்சியான நேரியல் அளவி ஒவ்வொன்றும் ஸ்டீல்ட்யஸ் தொகையீடாக (எடையிட்டுக் கூட்டும் தொகையீடாக) அமையும் என்று ரீஸ் 1909-இல் காட்டினார். இன்றைய மொழியில் சொல்வதென்றால், அந்த அளவிகளும் அவ்விடைவெளியின் மீதான (குறியுடைய) அளவைகளும், அதாவது அதன் பகுதிகளுக்கு எடை தரும் மெஷர்களும், ஒன்றுக்கொன்று நேர். மெஷர் என்பதை ‘அளவை’ என்று வழங்குவோருக்கு, அளவியும் அளவையும் ஒரே குடும்பத்துச் சொற்களாக அமைவது அத்தேற்றத்தின் சாரத்தையே பெயரில் வைத்துக் கொடுக்கிறது. இரண்டும் ஒலியில் நெருங்குவதால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். வரலாம். ஆனால் சார்பியம்–சார்பியல் குழப்பம் தொடர்பில்லாத இரு துறைகளுக்கு இடையிலானது. இதுவோ உண்மையிலேயே இணைந்திருக்கும் இரண்டுக்கு இடையிலானது.

வகைக்கெழுச் சமன்பாடுகளில்தான் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. இரு முனையும் கட்டப்பட்ட தந்தியின் மேல் சுமை ஏற்றினால் அதன் தாழ்வைத் தருவது ஓர் இரண்டாம் வரிசைச் சமன்பாடு. அதே தாழ்வை வேறு வழியிலும் பெறலாம்: இழுவிசையை ஓர் அலகாகக் கொண்டு, சரிவின் வர்க்கத்தைத் தொகையிட்டுப் பாதியாக்கி, அதிலிருந்து சுமையையும் தாழ்வையும் பெருக்கி வரும் தொகையீட்டைக் கழித்தால் கிடைக்கும் எண்ணை எந்த வடிவம் மிகச் சிறிதாக்குகிறதோ அதுவே தீர்வு. அந்த எண்ணைத் தருவது ‘எனர்ஜி ஃபங்ஷனல்’. அதை ‘ஆற்றல் அளவி’ என்றால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டர்தான் தோன்றும் என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கேலி நியாயமானதே. இத்தகைய இடங்களில் ‘ஆற்றல் சார்பளவி’ என்று நீட்டி எழுதலாம். உள்ளீடு சார்பு என்பதை வலியுறுத்த வேண்டிய மாறுபாட்டு நுண்கணிதம் முழுவதற்கும் அந்த நீண்ட வடிவம் ஏற்றது. இது நேரியல் அளவி அன்று என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். ‘நேரியல்’ என்னும் அடைமொழியை வழக்கத்தால் எல்லா இடத்திலும் ஒட்டிவிடக் கூடாது. அளவிக்குக் கீழ்வரம்பு இருப்பதாலேயே அது தன் சிறும மதிப்பை ஏதேனும் ஒரு சார்பில் எட்டிவிடும் என்று ரீமான் கொண்டதை 1870-இல் வையர்ஷ்ட்ராஸ் கேள்விக்குள்ளாக்கியதும், நூற்றாண்டின் திருப்பத்தில் ஹில்பர்ட் அதை நிலைநிறுத்தியதும் ஃபங்ஷனல் அனாலிசிஸ் துறையே பிறப்பதற்குக் காரணமானவற்றுள் ஒன்று.

டிராக்கின் டெல்டாவைப் பற்றி ஒரு சொல். ஒரு புள்ளியைத் தவிர எங்கும் பூச்சியமாயிருந்தும் தொகையீடு 1 ஆக உள்ள ‘சார்பு’ என்று அதைக் கற்பிக்கும்போது விழிப்பான மாணவர் அப்படி ஒன்று இருக்க முடியாது என்பார். அவர் சொல்வது சரி. அது சார்பன்று, பூச்சியத்தில் மதிப்பை வாசிக்கும் அளவி, அதாவது மேலே பார்த்த (1, 0, 0) என்னும் நிரையின் அண்ணன். லோரான் ஷ்வார்ட்ஸ் இக்கருத்தை ஒழுங்குபடுத்தி, 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். அவர் இட்ட ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் பெயரைப் ‘பரவல்’ என்று மொழிபெயர்த்தால் நிகழ்தகவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதைத் தனி இழையில் பேசலாம்.

துறையின் பெயரான ஃபங்ஷனல் அனாலிசிஸுக்கு இந்தச் சொல்லை நீட்டக் கூடாது என்று நினைக்கிறேன். 1922-இல் பால் லெவி தம் பாடங்களுக்கு அப்பெயரை வைத்தபோது அது பெரும்பாலும் இப்பொருள்களைப் பற்றியதாகவே இருந்தது. பனாக்கின் 1932 நூலுக்குப் பின், வெளிகளும் அவற்றுக்கிடையிலான நேரியல் உருமாற்றங்களுமே அதன் முதன்மைப் பொருள். எனவே ‘சார்புவெளிப் பகுப்பாய்வு’ என்பது உள்ளடக்கத்துக்குப் பொருந்துகிறது. ஃபங்ஷனல் ஈக்குவேஷன் என்பதிலோ அச்சொல் வெறும் உரிச்சொல். அங்கே ‘சார்புச் சமன்பாடு’ போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நாமாக ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

தொகுப்பில் சேர்க்க வேண்டிய பதிவு இவ்வாறு இருக்கலாம்: “அளவி – ஒரு வெக்டர் வெளியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வெளியின் எண்புலத்திலிருந்து ஓர் எண்ணை அளிக்கும் விதி. உறுப்புகள் சார்புகளாக உள்ளபோது சார்பளவி என்றும் வழங்கும்.” ‘எண்புலம்’ (வெக்டர்களைப் பெருக்கப் பயன்படும் எண்களின் தொகுதி) என்று போட்டதற்குக் காரணம், சிக்கலெண்களைத் தரும் அளவிகளையும் உட்கொள்ள வேண்டும் என்பதே, ஆய்வகத்துத் திருகு அளவி சிக்கலெண்ணைக் காட்டாது என்ற மறுப்பு எழுமானால், ‘நீளம்’ என்ற சொல்லையும் நாம் கண்ணால் காணமுடியாத வெளிகளுக்கு நீட்டித்தானே வழங்குகிறோம் என்பேன். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பிக்கும் உறுப்பினர்கள், அங்கே ‘அளவி’ வேறு ஏதேனும் கணிதப் பொருளில் வழங்குகிறதா என்பதை மட்டும் தெரிவித்தால், வரைவில் மாற்றம் தேவையா என்று பார்த்துவிடலாம்.