ஆடி மாதத்தில் தீவகப் பயணம்: நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் இயலுமா?

கேள்வி

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம். வரும் ஜூலை மாத இறுதியில் நாங்கள் குடும்பமாக ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். அம்மா, கணவர், 12 மற்றும் 8 வயதுப் பிள்ளைகள், நான் என ஐந்து பேர். அம்மாவுக்கு 71 வயது. புங்குடுதீவில் பிறந்து வளர்ந்த அவர், 1991இல் இடம்பெயர்ந்த பின்னர் அந்த மண்ணை ஒருமுறைகூட மிதிக்கவில்லை.

தீவுப் பகுதிக்கென்று நான்கு நாட்களை ஒதுக்கியுள்ளோம். முதல் நாள் நயினாதீவும் நெடுந்தீவும், இரண்டாம் நாள் அனலைதீவும் எழுவைதீவும், மூன்றாம் நாள் ஊர்காவற்றுறையும் காரைநகரும், நான்காம் நாள் புங்குடுதீவு என்று எழுதி வைத்திருக்கிறேன். இது நடக்கக்கூடிய திட்டமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், படகில் ஏறி இறங்குவது எவ்வளவு சிரமம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (வேலணையிலிருந்து)

வணக்கம் தங்கச்சி. நீங்கள் வருகின்ற காலம் சோளகக் காற்றுக் காலம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். மாசி, பங்குனியில் குளம்போல் கிடக்கும் அதே கடல், ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றுக்கு எழும்பி அடிக்கும். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கு ஏறத்தாழ கால் மணி நேரம்தான். காற்றுக் காலத்திலும் வயதானவர்கள் நாளாந்தம் போய்வருகிறார்கள். நெடுந்தீவு அப்படியல்ல. ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம், அதில் பெரும்பகுதி திறந்த கடல். காலையில் காற்று சற்று அடங்கியிருக்கும். பிற்பகலில் திரும்பும்போதுதான் அலை கூடுதலாக இருக்கும்.

ஆகவே இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கணக்குப் பார்த்தால் நேரம் போதும் போலத் தோன்றும். ஆனால் நெடுந்தீவுக்குப் போகும் படகுகள் காலையில் புறப்பட்டுப் பிற்பகலில்தான் திரும்புகின்றன. அந்தக் களைப்போடு நயினாதீவுக்கு ஓடினால் அங்குள்ள நாகபூசணி அம்மாளாச்சியை நின்று நிதானமாகக் கும்பிட முடியாது. படகு நேரங்களும் அவ்வப்போது மாறுவதால், முதல் நாள் மாலையே இறங்குதுறையில் விசாரித்துவிடுங்கள்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். படகு துறையோடு உரசியபடி ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். அது மேலே வரும் கணத்தில் படகுக்காரர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். அவசரப்படாமல், கூட்டம் ஏறி முடிந்தபின் கடைசியாக ஏறச் சொல்லுங்கள். முன்னரே சொல்லிவைத்தால் அவர்கள் காத்திருப்பார்கள்.

மறுமொழி 2 (நயினாதீவிலிருந்து)

அண்ணர் சொன்னதே சரி. நயினாதீவுக்கு முற்பகலிலேயே வந்துவிடுங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் மதியப் பூசையைக் கண்டு, அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுவே என்பது எங்கள் ஊரின் உறுதியான நம்பிக்கை. பிள்ளைகள் பந்தியில் இருக்கும்போது அந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். பூக்கொண்டு வந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையையும், அதற்குச் சாட்சியாகக் கடலுக்குள் இருக்கும் பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் அம்மா அறிந்திருப்பார். கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை களைய வேண்டும் என்பதால் உங்கள் கணவருக்கும் மகனுக்கும் வேட்டியே வசதி. கோயிலிலிருந்து நடக்கும் தூரத்திலேயே நாகவிகாரையும் இருக்கிறது.

மறுமொழி 3 (இலண்டனிலிருந்து)

சென்ற ஆண்டு ஆடியில் நாங்கள் நெடுந்தீவுக்குப் போனோம். திரும்பி வரும்போது என் ஒன்பது வயது மகள் வழி முழுவதும் வாந்தி எடுத்தாள். போகும்போது கடல் அமைதியாக இருந்ததை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை விடுதியிலேயே விட்டுவிட்டேன். அது முழுக்க என் கவனக்குறைவு. நீங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, திரும்பும் படகு புறப்பட அரை மணி நேரத்துக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள்.

இருந்தும் நெடுந்தீவைத் தவிர்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். அங்கே வீட்டு வேலிகளெல்லாம் முருகைக்கற்கள், அதாவது பவளக் கற்கள். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், கல்லின்மேல் கல்லாக வெறுமனே அடுக்கியிருக்கிறார்கள். அருகே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்பைப்போன்ற வரிகள். இந்த வேலி ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது என்று சொன்னதும், என் மகள் வெயிலையும் மறந்து ஒவ்வொரு வரியாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெட்டவெளியில் கட்டற்று மேய்கின்றன. அவற்றை விரட்டாமல் தூரத்தில் நின்று பாருங்கள்; கோடையில் அவற்றுக்குத் தண்ணீரே பெரும்பாடு. பெருக்க மரம் (பாவோபாப்), புறாக்கூடு, கோட்டையின் இடிபாடு எல்லாவற்றையும் ஓட்டோ பிடித்து நான்கு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். குடிநீரைக் குறிகட்டுவானிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4 (மீண்டும் வேலணையிலிருந்து)

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அனலைதீவையும் எழுவைதீவையும் இம்முறை விட்டுவிடுங்கள். அங்கே உறவினர் இருந்தால் போவது வேறு. பெயருக்குப் போய்க் கால் பதித்துவிட்டு வருவதற்காக அம்மாவை மேலும் இரண்டு படகுகளில் ஏற்ற வேண்டாம். அந்த நாளையும் புங்குடுதீவுக்கே கொடுங்கள். அங்கே போகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பண்ணைப் பாலம், வேலணை, பிறகு கடலுக்குக் குறுக்கே போட்ட நீண்ட தாம்போதி வீதி என்று வாகனத்திலேயே போகலாம். தாம்போதியில் இருபக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீரில் மீன் பிடிக்கும் களங்கட்டிகள் நட்டிருப்பார்கள். அங்கே சற்று நிறுத்துங்கள், அம்மா இறங்கி நிற்க விரும்புவார்.

காரைநகருக்கு ஊர்காவற்றுறையிலிருந்து ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் கடக்கலாம். அது ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லையேல் யாழ்ப்பாணம் திரும்பிப் பொன்னாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்தே காணலாம். கசூரினாக் கடற்கரையில் வெகுதூரம் ஆழமில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அது ஏற்றது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் நயினாதீவு, அடுத்த நாள் காரைநகர், பின்னர் இரண்டு நாட்களும் புங்குடுதீவு. அந்த இரண்டில் காற்றுக் குறைந்த ஒரு நாளில், அம்மாவை அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் நால்வர் மட்டும் காலைப் படகில் நெடுந்தீவு போய்வருவோம். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். நெடுந்தீவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு எந்த நாள் போகிறோம் என்று மட்டும் கேட்டார்.