ஸ்கோப்பில் கோடு வரவில்லை, அவசரம்

கொழிஞ்சாம்பாறை_சால்டர்: உக்கடத்தில் பழைய சாமான் கடையில் எடுத்த ஆசிலோஸ்கோப் (சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டுமே, அது). பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன். லைட் எரிகிறது, கோடு இல்லை. எந்த பார்ட் மாற்றணும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் வேணும்.

செங்கோட்டை_சர்க்யூட்: மாடல்?

வால்வு_தாத்தா: பிறந்த நேரமும் சொன்னால் ஜாதகமே கணித்துவிடலாம். நாங்களெல்லாம் சர்வீஸ் மானுவலைப் படிக்காமல் மூடியில் கை வைத்ததில்லை.

பாறசாலை_ரேடியோ: ட்ரிகர், அதாவது கோடு எப்போ ஓடணும்னு சொல்ற செட்டிங், ஆட்டோவில் இருக்கா? நார்மலில் கிடந்தால் சிக்னல் இல்லாமல் கோடு வராது. இது தெரியாமல் நான் இரண்டு நாள் போர்டைக் குடைந்தேன்.

கொழிஞ்சாம்பாறை_சால்டர்: டெக்ட்ரானிக்ஸ் 465. ஆட்டோதான். திரைக்கு வெளியே போன கோட்டை உள்ளே இழுக்கும் பீம் ஃபைண்ட் பட்டனை அழுத்தினாலும் இருட்டு.

குடியாத்தம்_குமிழ்: பிக்சர் டியூப் போச்சு. எடைக்குப் போடுங்க.

செங்கோட்டை_சர்க்யூட்: அளக்காமலே எப்படிச் சொல்றீங்க? தம்பி, 115/230 செலக்டர் 230-ல்தானே இருக்கு? பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, பவர் சப்ளையின் +110, +55, +15, +5, -8 வோல்ட் டெஸ்ட் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்க. டியூப் பக்கம் கை போகவே கூடாது, அங்கே ஆயிரக்கணக்கில் வோல்ட்.

கொழிஞ்சாம்பாறை_சால்டர்: +15-ல் 2 ஓம். மற்றதில் அப்படி இல்லை.

செங்கோட்டை_சர்க்யூட்: இவ்வளவு குறைவா? அப்போ டான்டலம் கெபாசிட்டர் ஷார்ட்டாகத்தான் இருக்கும். புளியங்கொட்டை அளவில் சொட்டு மாதிரி நிற்கும். +15 பல போர்டுக்குப் போகிறது. கனெக்டர் உள்ள போர்டை ஒவ்வொன்றாகக் கழற்றி அளங்க. எதைக் கழற்றியதும் ஓம் ஏறுதோ, அதில் ஒவ்வொரு கெபாசிட்டராக ஒரு காலைத் தூக்கிப் பாருங்க.

குடியாத்தம்_குமிழ்: அந்த இடத்தில் சாதா எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் போடலாம். மலிவு.

வால்வு_தாத்தா: போடலாம், கண் தெரிந்தால். டான்டலத்தில் கோடு போட்ட கால் பிளஸ், எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். பழைய கோட்டைப் பார்த்து மாட்டினால் தீபாவளிதான்.

குடியாத்தம்_குமிழ்: முப்பது வருஷமா சால்டரிங் பிடிக்கிறேன், எனக்கே பாடமா?

வால்வு_தாத்தா: டியூப்பை எடைக்குப் போடச் சொன்னது யாராம்?

பாறசாலை_ரேடியோ: சண்டை அப்புறம். டான்டலமே வேணும்னா 35 வோல்ட் வாங்குங்க. காந்திபுரத்தில் கேளுங்க.

குடியாத்தம்_குமிழ்: காந்திபுரமா! ரிச்சி தெரு மாதிரி வருமா?

பாறசாலை_ரேடியோ: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கெபாசிட்டருக்குச் சென்னை போகணுமா?

கொழிஞ்சாம்பாறை_சால்டர்: கோடு வந்துடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

செங்கோட்டை_சர்க்யூட்: எந்த போர்டு, எந்த நம்பர்? அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

செங்கோட்டை_சர்க்யூட்: தம்பி?

வால்வு_தாத்தா: ஞாயிறு முடிந்துவிட்டது. இனி வர மாட்டார்.