சரிவில் வெட்டிய மரத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்: உங்களுக்கு என்ன செலவானது?

மலையடிவாரம், ஆலங்காயம்:

ஜவ்வாது மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அப்பா வைத்த சில்வர் ஓக் மரங்களைப் போன தை மாதம் வெட்டினோம். வெட்டுக்கூலிக்கு அரை மணி நேரம் பேரம் பேசினேன். மரத்தை ரோட்டுக்கு எப்படி ஏற்றுவது என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பணம் போனது அங்கேதான்.

ரோடு மேலே, மரம் கீழே, நடுவில் 200 மீட்டர் சரிவு. டிராக்டரை இறக்கப் பார்த்தோம், டிரைவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏறுகிற சரிவுக்கு மேல் சக்கர வண்டியில் தடி இழுப்பது உயிருக்கு ஆபத்து. சரி, கீழே ஓடைப் பக்கம் வண்டித்தடம் இருக்கிறதே, உருட்டிவிடலாம் என்றார்கள். ஆறு தடி உருட்டினோம். ஒன்று பாறையில் மோதி நீளவாக்கில் பிளந்தது, இன்னொன்று பக்கத்து நிலத்துப் புளியமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போனது. அதோடு உருட்டலை விட்டோம்.

அப்புறம் மாடு. எங்கள் தடி சராசரியாக 3 அடி சுற்று, 10 அடி நீளம். கால் சுற்றுக் கணக்கில், அதாவது சுற்றளவில் கால் பங்கை அதே அளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கினால், ஒரு தடிக்கு 5.6 கன அடி. குறுக்கும் நெடுக்குமாகத் தடம் வெட்டி இழுத்தால் போய்வர 25 நிமிடம், நாளுக்கு 15 நடை, 84 கன அடி. மாடு, ஆள் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். கன அடிக்கு ஏறத்தாழ 24 ரூபாய்.

மாட்டுக்காரப் பெரியவர் முதல் நாளே கோடாலியை எடுத்துத் தடியின் முன்பக்க விளிம்பைச் சுற்றிலும் சீவினார். மூக்கைச் சீவாத தடி மண்ணைக் கொத்திக்கொண்டு நிற்கும், சீவினது வழுக்கிக்கொண்டு வரும். பனியில் ஈரப்பட்ட பட்டையில் சங்கிலி நழுவுகிறது என்று, அது பிடிக்க ஒரு கொத்தும் போட்டார். மாடு மூச்சு வாங்கியது அதற்குப் பிறகு எவ்வளவோ குறைந்தது.

வேலை நீண்டுகொண்டே போனதால் வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்த டிராக்டரை ரோட்டிலேயே நிறுத்தி, வடம் இறக்கி இழுத்தோம். ஒரு நடைக்கு 12 நிமிடம், இரண்டு தடி. ஆறு மணி நேரத்தில் 30 நடை, 336 கன அடி. வாடகை, டீசல், நாலு ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 9,200 ரூபாய். கன அடிக்கு 27. மாட்டை விட மலிவு இல்லை, ஆனால் மாட்டுக்கு நாலு நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது.

கணக்கைக் கவிழ்த்தது வின்ச் வடத்தை இடம் மாற்றுவதுதான். கப்பி கட்டி, புதர் வெட்டி, வடம் ஓட்டி முடிக்க ஒவ்வொரு முறையும் அரை நாள், 4,600 ரூபாய். ஒரே தடத்தில் 600 கன அடி வந்தால் அந்தச் செலவு கன அடிக்கு 8 ரூபாய்கூட இல்லை. 100 கன அடிதான் வந்தது என்றால் 46 ரூபாய். நான் மரத்தைச் சிதறலாக வெட்டிப்போட்டதால் நாலு தடம் மாற்ற வேண்டியிருந்தது.

திருப்பத்தூர் வாசி:

அண்ணா, என் தாத்தா சந்தனக் கூப்பில், அதாவது சந்தன மரம் எடுக்கக் குறித்த காட்டுப் பகுதியில், சுமை தூக்கியவர். சந்தனத்தை வெட்ட மாட்டார்கள், வேரோடு தோண்டி எடுப்பார்கள். எண்ணெய் வேரிலும் இருக்கிறதே. கட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கி, திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்கு அனுப்புவார்கள். கிலோவுக்கு அவ்வளவு விலை இருக்கும்போது மனிதச் சுமை கட்டுப்படியாகும். உங்கள் தடி பச்சையாக 180 கிலோ இருக்கும், நாலு பேர் காவுதடியில் தூக்கினால் ஆளுக்கு 45. அந்தச் சரிவில் ஏறச் சொல்லவே மனசு வராது.

ஒடுகத்தூர் லாரி:

எங்கள் வேலை ரோட்டில்தான் ஆரம்பம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, அங்கே நீளத் தடி ஏற்றினால் வளைவில் திரும்பாது. ஆகவே வெட்டும்போதே லாரிக்குத் தக்க நீளம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே வந்தபிறகு மறுபடி அறுத்தால் அது இன்னொரு கூலி.

வேலூர்க்காரன், இப்போது டேராடூன்:

இமயமலைப் பக்கம் இரண்டு முனையிலும் வடத்தைக் கட்டி, அதில் ஓடும் வண்டியில் தடியைத் தொங்கவிட்டு எடுப்பதைப் பார்த்தேன். தடி தரையில் உரசாது, மண்ணும் கிளறாது. ஆனால் கட்டவும் அவிழ்க்கவும் பல நாள் ஆகும், ஒரே இடத்தில் பெரிய அளவு மரம் இருந்தால்தான் அது சரிப்படும். மூன்று ஏக்கருக்கு வேண்டாம்.

ஒரு சந்தேகம், அண்ணா. வியாபாரி கால் சுற்றுக் கணக்கில்தானே வாங்கினார்? அதில் உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும். இழுப்புக் கூலியை எடைக்கோ உண்மை அளவுக்கோ பேசியிருந்தால் ஒப்பிடும்போது மாறிப்போகும்.

மலையடிவாரம், ஆலங்காயம்:

அதையும் அனுபவித்தேன், தம்பி. லாரியில் ஏற்றும் கூலியை டன் கணக்கில் கொடுத்தேன், விற்றது கால் சுற்றில். பச்சை மரத்தின் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுத்திருக்கிறேன். கீழ்த்துண்டு நிலத்தில் இன்னும் நாற்பது மரம் நிற்கிறது. இந்த முறை முதலில் வடத்தடத்தைக் கயிறு கட்டிக் குறித்துவிட்டு, மரம் அதை நோக்கி விழுகிற மாதிரி வெட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த மாட்டுக்காரப் பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், தடத்துக்கு எட்டாத மரங்களை அவர் பார்த்துக்கொள்வார்.