36 ஹெர்ட்ஸில் அறை நின்று முழங்குகிறது: மின்னணு பேஸ் (தாழ்ந்த ஒலி) உறிஞ்சி செய்தால் பலன் கிடைக்குமா?

கேள்வி (மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மாடியில் ஒலிப்பதிவுக்கென்று ஓர் அறை கட்டியிருக்கிறேன். நீளம் 4.8 மீட்டர், அகலம் 3.6, உயரம் 3. சுவர்கள் சாலிட் பிளாக், மேலே கான்கிரீட் தளம். வாய்ப்பாட்டும் மிருதங்கமும்தான் பெரும்பாலும் பதிவாகின்றன. சுவர்களில் 5 செ.மீ. ராக்வூலும் (பாறை இழைப் பஞ்சு), பொள்ளாச்சியிலிருந்து வாங்கிய தென்னை நார்ப் பலகைகளும் பொருத்திய பிறகு குரல் மிகத் தெளிவாக வருகிறது. ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் மாறவில்லை. ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளில் அளந்தபோது, 36 ஹெர்ட்ஸ் ஒலி 60 டெசிபல் இறங்க 1.2 விநாடியும், 72 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 0.9 விநாடியும் ஆகின்றன. தொப்பியில் (மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில்) கும்கி என்னும் முழங்கும் அடி ஒன்று விழுந்தால், அடுத்த இரண்டு மிருதங்கச் சொற்கள் வந்த பிறகும் அந்த முழக்கம் அடியில் கிடந்து எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. வித்வான் அறையின் நடுவில்தான் அமர்கிறார்.

மைக் வைத்து, அறையின் அழுத்தத்தைக் கேட்டு, அதற்கேற்ப ஸ்பீக்கரை அசைத்துத் தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் கருவிகளைப் பற்றிப் படித்தேன். அவற்றின் விலை எனக்கு எட்டாது. கையில் 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று, பழைய ஆம்ப்ளிஃபையர், ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் டி.எஸ்.பி. பலகை ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் கொண்டு நானே செய்ய இயலுமா? எங்கே வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம் ஐயா. தாங்கள் அளந்த எண்கள் அறையின் நீளத்திலிருந்தே வருகின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்வரும் அலை தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும் அதிர்வெண்கள் இவை, அறையின் ஒத்ததிர்வுகள். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர். அதை நீளத்தின் இருமடங்கான 9.6 ஆல் வகுத்தால் 36 சொச்சம் கிடைக்கும், அடுத்தது அதன் இரட்டிப்பான 72. அகலத்திற்கு 48, உயரத்திற்கு 58. ராக்வூல் இங்கே தோற்பதற்கும் காரணம் உண்டு. அது காற்றின் அசைவைத்தான் உராய்ந்து தணிக்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அசைவு ஏறக்குறைய இருக்காது. 36 ஹெர்ட்ஸில் அசைவு உச்சம் பெறும் இடம் சுவரிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி, அதாவது தங்கள் அறையின் நட்ட நடுவில் இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன் வித்வானை இடம் மாற்றி உட்கார வையுங்கள். 72 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுக்கு அறையின் நடுப்பகுதி அழுத்த உச்சம். அங்கே வாசிக்கப்படும் வாத்தியம் அதை முழு வலிமையோடு கிளப்பிவிடும். நீளத்தின் முனையில் உள்ள குறுக்குச் சுவரிலிருந்து சரியாக 1.2 மீட்டரில் அந்த அழுத்தம் சுழியாகிறது. மிருதங்கத்தின் இரு முகங்களும் பக்கச் சுவர்களைப் பார்க்கும்படி அவரை அங்கே அமர்த்தினால், 72 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் கிளம்பாது. மைக்கும் அதே கோட்டில் இருந்தால், கிளம்பிய சிறு பகுதியும் குறைவாகவே பதிவாகும்.

பதில் (பொள்ளாச்சி)

மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். அதோடு, தாங்கள் கேட்ட கருவியைப் பற்றியும் விரிவாகச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன், ஏனெனில் இதை நான் செய்து பயன்படுத்தி வருகிறேன்.

இந்த எண்ணம் பழையது. 1953 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹாரி ஆல்சன், எவரெட் மே ஆகிய இருவரும் மின்னணு ஒலி உறிஞ்சியைப் பற்றி எழுதினார்கள். இன்று ஸ்விட்சர்லாந்தின் பி.எஸ்.ஐ. ஆடியோ நிறுவனம் விற்கும் ஏ.வி.ஏ.ஏ. என்ற உறிஞ்சி அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எதிர் ஒலியை உமிழ்ந்து அறையை அமைதியாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. ஸ்பீக்கரின் கூம்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் உள்ள மைக், அழுத்தம் ஏறுவதைக் கண்டவுடன் கூம்பு உள்நோக்கி விலகி இடம் கொடுக்கிறது. அழுத்தம் இறங்கும்போது வெளியே வருகிறது. அறைக்கு அந்த இடத்தில் சுவரே இல்லாமல், திறந்த சன்னல் இருப்பது போன்ற நிலை உண்டாகிறது. கூம்பின் வேகம் அழுத்தத்தோடு ஒரே கட்டத்தில் (ஃபேஸ்), அதாவது முந்தாமல் பிந்தாமல், செல்வதுதான் இதன் உயிர்நாடி.

கூம்பு வெகுதூரம் அசைய வேண்டியதில்லை. 94 டெசிபல் ஒலியில், திறந்த காற்று கொடுப்பதைவிடப் பத்து மடங்கு தாராளமாக இடம் கொடுத்தாலும், 36 ஹெர்ட்ஸில் அசைவு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே தங்கள் 12 அங்குல ஸ்பீக்கரே போதும். தடை டி.எஸ்.பி. பலகையில்தான் இருக்கிறது. உள்ளே வந்த ஒலி வெளியேற அது 3 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், 36 ஹெர்ட்ஸில் கட்டம் 39 பாகை பின்தங்கும், 72 இல் 78 பாகை. இன்னும் மேலே போனால் உறிஞ்ச வேண்டிய கூம்பு ஒலியை ஊட்டத் தொடங்கி, பெட்டி தானாகவே ஊளையிடும். அதனால் இந்தச் சுற்றை ஆப்-ஆம்ப் (சிறு பெருக்கிச் சில்லு) கொண்டு அனலாகாகவே அமையுங்கள். மூடிய பெட்டியில் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு 36க்கு அருகில் விழுமாறு பெட்டியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுங்கள். அந்த அதிர்வெண்ணில் கூம்பின் எடையும் விறைப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் சுற்றுக்கு வேலை குறையும். மைக் அளவைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

வைக்கும் இடம் அறையின் மூலை. அதுவும் தரையோடு ஒட்டிய மூலை.

பதில் (செங்கோட்டை)

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மேல்நாட்டு நூல்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அந்தச் சுவர்கள் தாமே சற்று அதிர்ந்து தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும். கான்கிரீட் தளமும் சாலிட் பிளாக்கும் அப்படி எதையும் தின்னா. எங்கள் பகுதியில் மரத்தட்டியும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடுகளில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

72 ஹெர்ட்ஸுக்கு மின்சாரமே தேவைப்படாத வழியும் உண்டு. 9 மி.மீ. பிளைவுட்டைச் சுவரிலிருந்து 12 முதல் 13 செ.மீ. தள்ளி, காற்றுப் புகாத சட்டத்தில் அடித்து, உள்ளே சிறிது ராக்வூல் வையுங்கள். ஆனால் கூர்மையாக ஒரே அதிர்வெண்ணுக்கு இசைக்காதீர்கள். ஏப்ரலில் 36 டிகிரி வெயிலும் தென்மேற்கு மழையில் 25 டிகிரியும் இருக்கும் நம் பகுதியில், ஒலியின் வேகம் மாறுவதால் 36 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வே ஏறத்தாழ 0.7 ஹெர்ட்ஸ் நகரும். தாங்கள் அளந்த 1.2 விநாடிக்கு அந்த ஒத்ததிர்வின் அகலம் 1.8 ஹெர்ட்ஸ்தான் என்பதால், இந்த நகர்வைப் புறக்கணிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வித்வானை 1.2 மீட்டர் கோட்டில் அமர்த்திப் பதிவு செய்தேன். கும்கி இப்போது கும்கியாகவே கேட்கிறது, சொற்கள் பிரிந்து நிற்கின்றன. இனி மிச்சமிருப்பது, கலவை செய்யும்போது ஸ்பீக்கரில் எழும் 36 ஹெர்ட்ஸ் முழக்கம். அதற்கும் அந்த அனலாக் உறிஞ்சிதான் வழியா? ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில்) குறைத்தால் போதாதா?

பதில் (கொழிஞ்சாம்பாறை)

ஈக்யூ தாங்கள் அமரும் ஓரிடத்திற்கு உதவும். நாற்காலியை நகர்த்தினால் கணக்கு மாறிவிடும். அழுத்தமே இல்லாத பள்ளத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிரப்ப முடியாது.

மிருதங்கம் எப்போது ஒலிக்கும் என்பது எந்தக் கருவிக்கும் முன்கூட்டியே தெரியாது. அங்கே கேட்டு அசையும் உறிஞ்சிதான் வேண்டும். ஸ்பீக்கரில் வரும் ஒலியோ முன்பே நம் கையில் இருக்கிறது. ஆகவே தங்கள் டி.எஸ்.பி. பலகைக்கு இங்கேதான் பொருத்தமான வேலை. முன்சுவரில் இரண்டு சப்வூஃபர், பின்சுவரில் அதே வகையில் இரண்டு, ஒவ்வொன்றும் பக்கச் சுவரிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன்னே கிளம்பும் அலை பின்சுவரை அடைய 13.8 மில்லிவிநாடி ஆகும். பின்னால் உள்ளவற்றுக்கு அதே ஒலியை அவ்வளவு தாமதமாக, முனைமாற்றி (கூட்டல் கழித்தல் தலைகீழாக) அனுப்பினால், வந்து சேரும் அலை திரும்பாமல் அங்கேயே முடிந்துவிடும். பலகை தானாக எடுக்கும் 3 மில்லிவிநாடி முன், பின் இரண்டு பாதைகளிலும் சமமாக இருப்பதால் தடையாகாது. கால்பங்கு இடங்களில் வைப்பதால் அகலவாட்டு 48 ஹெர்ட்ஸும் கிளம்பாது. உயரத்திற்கான 58 மட்டும் எஞ்சும். அதையும் அடக்க விரும்பினால் ஒவ்வொரு சுவரிலும் நான்கு தேவைப்படும், அந்தச் செலவு தங்கள் அறைக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

பின்வரிசையின் அளவை முன்வரிசையைவிட 2 அல்லது 3 டெசிபல் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். சரிபார்க்கும்போது அதிர்வெண் வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஒலி தேய்வதைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தைப் பார்த்து, 36 ஹெர்ட்ஸ் வால் மிகவும் குறுகும் இடத்தில் அளவையும் தாமதத்தையும் நிறுத்துங்கள்.