கணிதமும் உயிரியலும்: எச்-இன்டெக்ஸை வைத்து ஒப்பிடலாமா?

நீள்கோடு:
ஒரு ஆராய்ச்சி விருதுக்கு இரண்டு பேர் இறுதிச் சுற்றில் இருக்கிறார்கள். கணிதக்காரருக்கு எச்-இன்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டுகின்றன என்பதை வைத்துக் கணக்கிடும் எண்) 12, மூலக்கூறு உயிரியல்காரருக்கு 35. குழுவில் சிலர் இந்த எண்ணைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிட்டார்கள். இது நியாயமா?

பழையதாள்:
நியாயமே இல்லை. 35 என்றால், தலா 35 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 35 இருக்கின்றன, அவ்வளவுதான். கணிதத்தில் கட்டுரைகள் மெதுவாக வரும், ஒவ்வொன்றிலும் மேற்கோள் பட்டியலும் சின்னது, அப்புறம் எண் எப்படி ஏறும்? 2005-ல் இந்த அளவீட்டை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷ் என்பவரே உயிரியலில் எண்கள் அதிகமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்.

முகில்77:
எண்தான் வேண்டும் என்று குழு அடம்பிடித்தால், துறைவாரியாகச் சீராக்கிய மேற்கோள் விகிதத்தைக் கேளுங்கள். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலக சராசரியோடு ஒப்பிடுவார்கள். 1 என்றால் சராசரி.

தறி:
இருவருக்கும் ஒரே தரவுத்தளத்தில் பாருங்கள், கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் ஸ்கோபஸைவிடக் கூடுதலாகவே காட்டும். கூட்டாசிரியர் எண்ணிக்கையும் முக்கியம்: 2015-ல் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், மேற்கோள் எல்லோர் கணக்கிலும் முழுதாக ஏறும். தயவுசெய்து இருவரின் சிறந்த கட்டுரைகள் சிலவற்றையாவது அந்தந்தத் துறைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.