சேவ் பட்டனின் ஷார்ட்கட் முதல் தடவைக்குப் பிறகு செத்துவிடுகிறது (பைசைடு 6)

கடைக்கணக்கு:
பைசைடு 6-இல் (பைதானில் ஜன்னல்கள் உருவாக்கும் க்யூட்டி நூலகம்) ஒரு பில்லிங் டயலாக். பட்டன்கள் தமிழில்: சேமி, அச்சிடு, நீக்கு. சேமிக்கு செட்ஷார்ட்கட் வழியாக கன்ட்ரோல்+எஸ் கொடுத்திருக்கிறேன். முதல் பில்லுக்கு வேலை செய்கிறது. இரண்டாவதிலிருந்து மவுஸால் அழுத்தினால்தான் உண்டு. கன்சோலில் எர்ரர் எதுவும் இல்லை. சேமிக்கும்போது பட்டனை டிசேபிள் செய்து, அதன் எழுத்தை "சேமிக்கிறது…" என்று மாற்றி, முடிந்ததும் மறுபடி "சேமி" என்று வைக்கிறேன். டிசேபிள் செய்வதுதான் காரணமா?

இன்னொன்று. "&அச்சிடு" என்று எழுதினால் அ-வுக்கு அடியில் கோடு விழுகிறது, ஆனால் ஆல்ட்+ஏ அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை.

விசைதட்டி:
டிசேபிள் மேல் தப்பில்லை. எனேபிள் செய்ததும் ஷார்ட்கட் தானாகத் திரும்பிவிடும். வில்லன் எழுத்தை மாற்றும் செட்டெக்ஸ்ட். பட்டனின் எழுத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் க்யூட்டி அதில் & இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஆல்ட்+அந்த எழுத்தை ஷார்ட்கட்டாக வைக்கும். இல்லையென்றால் நீங்கள் கொடுத்திருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிடும். எர்ரர் வராது, ஏனென்றால் அது அப்படித்தான் செய்ய வேண்டும்.

செட்டெக்ஸ்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் செட்ஷார்ட்கட்டை அழைக்கலாம், ஆனால் ஒரு இடத்தில் மறந்தால் பழைய கதைதான். அதைவிட டயலாக்கைப் பேரன்ட்டாக வைத்துத் தனியாக ஒரு க்யூஷார்ட்கட் உருவாக்கி, அதன் ஆக்டிவேட்டட் சிக்னலைப் பட்டனின் கிளிக்கோடு இணையுங்கள். பட்டன் டிசேபிளாக இருக்கும்போது கிளிக் எதுவும் செய்யாது என்பதால் பாதுகாப்பும் ஆச்சு.

கூடவே அந்த க்யூஷார்ட்கட்டின் செட்ஆட்டோரிப்பீட்டை (அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப இயங்குவது) ஃபால்ஸ் ஆக்குங்கள், மறக்காதீர்கள். இயல்பாக அது ட்ரூ. யாராவது கன்ட்ரோல்+எஸ்ஸைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஒரே பில் இரண்டு மூன்றாகப் பதிவாகும்.

சுழியம்:
இரண்டாவது கேள்விக்கு. & க்குப் பின்னால் இருப்பது தமிழ் அ. அதனால் பதிவாவது ஆல்ட்+அ, ஆங்கில ஏ அல்ல. கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கும்வரை அந்தக் கீ அ-வைத் தராது. தமிழ்99 கீபோர்டு அமைப்பில் அ எழுத்து ஆங்கில ஏ கீயிலேயே இருக்கிறது என்று சந்தோஷப்படவும் முடியாது: ச எங்கே தெரியுமா? [ கீயில். "சேமிக்க ஆல்ட்+[ அழுத்துங்க" என்று கவுன்ட்டரில் இருப்பவருக்குச் சொல்லி மாளாது.

சீன, ஜப்பானிய மென்பொருள்களில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. சொந்த மொழிச் சொல், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு ஆங்கில எழுத்து, அந்த எழுத்துக்கு முன் &. அச்சிடு என்பதற்கு பி, நீக்கு என்பதற்கு டி. விண்டோஸ் பொதுவாக ஆல்ட்டை அழுத்தும்வரை அடிக்கோட்டைக் காட்டாது. அடைப்புக்குறி எழுத்து எப்போதும் கண்ணில் படும், அது ஒரு லாபம்.

ஒரே ஜன்னலில் இரண்டு பட்டனுக்கு ஒரே எழுத்து வந்துவிட்டால் இரண்டுமே கிளிக் ஆகாது. அழுத்த அழுத்த ஃபோகஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். வெவ்வேறு டேப்களில் இருந்தால் பிரச்சினை இல்லை, மறைந்திருக்கும் பட்டனின் ஷார்ட்கட் கணக்கில் வராது. எழுத்தில் நிஜமாகவே & வேண்டுமென்றால் && என்று இரண்டு போடுங்கள்.

கடைக்கணக்கு:
க்யூஷார்ட்கட் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி. ஒன்று மட்டும் மிச்சம்: பார்கோடு ஸ்கேன் செய்தால் சில நேரம் பில் தானாகச் சேமிக்கப்படுகிறது.

விசைதட்டி:
ஸ்கேனர் எண்ணுக்குப் பின் என்டரும் அனுப்புகிறது. லைன் எடிட் (ஒருவரி உள்ளீட்டுப் பெட்டி) என்டரைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் டயலாக்குக்குத் தள்ளிவிடும். க்யூடயலாக்குக்குள் இருக்கும் புஷ்பட்டன்களுக்கு ஆட்டோடிஃபால்ட் (என்டருக்கு அழுத்தப்படும் டிஃபால்ட் பட்டனாகத் தானே ஆகக்கூடிய தன்மை) இயல்பாகவே ட்ரூ, ஆகவே டயலாக் அதில் ஒன்றை அழுத்திவிடுகிறது. எல்லாப் பட்டனுக்கும் செட்ஆட்டோடிஃபால்ட் ஃபால்ஸ் போடுங்கள்.

பட்டன்களை வரிசைப்படுத்தித் தரும் டயலாக்பட்டன்பாக்ஸ் பயன்படுத்தினால் அது போதாது. டிஃபால்ட் எதுவும் குறிக்காவிட்டால், திரையில் வரும்போது அக்செப்ட் வகைப் பட்டன்களில் (சரி, சேமி போன்றவை) முதலாவதை அதுவே டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும். அப்போது டயலாக்கின் கீபிரஸ்ஈவென்ட்டை (கீ அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓவர்ரைடு செய்து என்டரை அங்கேயே விழுங்க வேண்டும். மற்றதையெல்லாம் சூப்பர் வழியாக க்யூடயலாக்கின் அசல் ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் எஸ்கேப் வேலை செய்யாது. பெரிய என்டரின் பெயர் கீ_ரிட்டர்ன், நம்பர்பேடில் இருப்பதுதான் கீ_என்டர். ஒன்றை மட்டும் தடுத்தால், நம்பர்பேடில் அளவு அடிப்பவர் பாதிப் பில்லைச் சேமித்துவிடுவார்.