பிரவுசரைத் திறந்ததும் முதலில் எந்தப் பக்கம் வரவேண்டும்?

வில்லாபுரத்தார்:
வீட்டுக்குப் புது லேப்டாப் வாங்கியிருக்கிறோம். நான், மனைவி, குரூப் 4-க்குப் படிக்கும் மகள், மூன்று பேருக்கும் அது ஒன்றுதான். அதோடு வந்த பிரவுசரைத் திறந்தாலே எந்த நடிகர் எந்த நடிகையோடு எந்த ஊருக்குப் போனார் என்று படம் படமாக வந்து நிற்கிறது. கரண்ட் பில் கட்ட உட்கார்கிறேன், அரை மணி நேரம் கழித்து எழுந்திருக்கிறேன், பில் கட்டவில்லை. முதல் பக்கமாக நமக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நீங்கள் எல்லாம் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மேலூர் ஜெராக்ஸ்:
சொந்தமாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள் சார். பெரிய வித்தை எதுவும் இல்லை. நோட்பேடில் பத்துப் பதினைந்து வரி எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதும் மொழி), ஒரு வரிக்கு ஒரு லிங்க். என் கடையில் மேல் வரிசையில் பட்டா சிட்டா, வில்லங்கம், ரேஷன் கார்டு, சாதிச் சான்று. கீழே கரண்ட் பில், டிஎன்பிஎஸ்சி, ரயில் டிக்கெட், பாஸ்போர்ட். எல்லாம் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவு எழுத்து. ஃபைல் நம் டிஸ்கிலேயே இருப்பதால் நெட் படுத்துக்கிடந்தாலும் பக்கம் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேமிக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்தைப் பதிந்து வைக்கும் முறை, யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 நோட்பேடில் அது தானாகவே இருக்கும். பழைய விண்டோஸில் ஆன்சி என்று இருக்கும், அப்படியே சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஃபைலின் தலைப்பகுதியில், இது யுடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியையும் போட்டுவிடுங்கள். அது விட்டுப்போனால் என்ன மொழி என்றே தெரியாத கிறுக்கல் வர வாய்ப்பு உண்டு.

வெள்ளைத்தாள்:
அண்ணே, கடைக்கு அது சரி. வீட்டுக்கு எதற்கு? அட்ரஸ் பாரில் 'அபவுட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'பிளாங்க்' என்று அடித்தால் வெள்ளைப் பக்கம் வரும். அதையே முதல் பக்கமாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சார் பிரச்சினை செய்தியைப் பற்றியதா, கவனத்தைப் பற்றியதா? கவனம் என்றால் பத்து லிங்கும் இடைஞ்சல்தான். பில் கட்ட வந்தவர் ரயில் டிக்கெட் என்ற எழுத்தைப் பார்ப்பார். தீபாவளிக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போவார். வெயிட்டிங் லிஸ்ட்டைப் பார்த்துக் கடுப்பாகி எழுந்து போவார். நமக்கு எங்கே போகணும் என்று தெரிந்தால் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதுமே பிரவுசர் மீதியைக் காட்டிவிடுகிறது.

மேலூர் ஜெராக்ஸ்:
இரண்டு எழுத்தில் வருவது முன்பே போன இடம் தம்பி. போகாத இடத்துக்குத் தேடித்தானே போகணும்? தேடினால் மேலே நிற்பது விளம்பரம். பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அசல் தளம் கவ் டாட் இன் என்று முடியும். அதே மாதிரி பெயரில் போலித் தளங்கள் இருப்பதாகவும் அவை கூடுதல் பணம் வாங்குவதாகவும் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் அதற்கு மேலேயே எங்கோ கட்டிவிட்டு, கையில் ஒரு தாளோடு ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸ் வரை போய்த் திரும்பி என் கடைக்கு வந்தார். தாளில் அசோகச் சக்கரம் முதற்கொண்டு எல்லாம் இருந்தது. அப்பாயின்ட்மென்ட் மட்டும் இல்லை.

சரியான லிங்க் கண் முன்னால் இருந்தால் தேடவே வேண்டாம். வெள்ளைத்தாள் அதைத் தருமா?

வெள்ளைத்தாள்:
புக்மார்க் தரும்.

தல்லாகுளம் டீச்சர்:
புக்மார்க்கை மடித்து வைத்துவிட்டு மறந்துபோகிற ஜாதி நான். ஆனால் மேலூர் அண்ணன் சொல்லும் ஃபைலும் எனக்கு உதவாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். பள்ளியில் வேறு மிஷின், வீட்டில் வேறு, பஸ்ஸில் போன். அதனால்தான் ஸ்டார்ட் டாட் மீ மாதிரி ஒரு சேவையில் பக்கம் வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் லிங்க் சேர்த்தால் எல்லா இடத்திலும் வந்துவிடும். வானிலை, நாள்காட்டி, செய்ய வேண்டிய வேலை எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். 2026-ல் போய் நோட்பேடில் எழுதச் சொன்னால் எப்படி?

மேலூர் ஜெராக்ஸ்:
டீச்சர், ஐகூகுள் ஞாபகம் இருக்கிறதா? 2005-ல் வந்தது. நீங்கள் சொல்லும் அதே கட்டம் கட்டமான பக்கம்தான். 2013 நவம்பர் 1 அன்று மூடிவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கூகுள் ரீடரும் போனது. அடுத்தவன் திண்ணையில் கடை போட்டால் அவன் எழுந்திரு என்றால் எழுந்திருக்கணும்.

தல்லாகுளம் டீச்சர்:
ஐகூகுளை மூடப்போவதை 2012 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்களே அண்ணா. வேறு இடம் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. உங்கள் ஹார்ட் டிஸ்க் போகும்போது நோட்டீஸ் கொடுத்துவிட்டா போகும்?

மேலூர் ஜெராக்ஸ்:
பென்டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது. மொத்த ஃபைலும் சில கேபிதான்.

முதல் பக்கத்தில் என்ன பெரிதாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 20 பில்லியன் டாலர் கொடுத்தது, கூகுள் மீதான அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. பிரவுசரைத் திறந்ததும் நாம் பார்க்கிற முதல் இடத்துக்கு அவ்வளவு விலை. அந்த இடத்தை ஏன் சும்மா விட்டுக் கொடுக்கணும்?

வெள்ளைத்தாள்:
அந்தப் பணம் முதல் பக்கத்துக்கு இல்லை அண்ணே. சஃபாரியில் கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்ததற்கு. 2024 ஆகஸ்டில் நீதிபதி கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியதும் தேடல் விவகாரத்தில்தான். நீங்கள் அந்தக் காலத்து பிரவுசர் நெட்ஸ்கேப்பைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். 90-களில் முக்கால்வாசிப் பேர் அதன் முகப்புப் பக்கத்தை மாற்றவே இல்லை. நெட்டிலேயே கூட்டம் அதிகமாகக் கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. மாற்றாத சோம்பேறித்தனத்துக்குத்தான் விலை.

நான் மாற்றிவிட்டேன், வெள்ளையாக.

திருமங்கலம் புல்லட்:
எதற்கு இவ்வளவு சண்டை? 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று செட்டிங்கில் ஒன்று இருக்கிறது. நேற்று மூடும்போது திறந்திருந்த டேபெல்லாம் இன்று அப்படியே வரும். முதல் பக்கமே தேவையில்லை.

மேலூர் ஜெராக்ஸ்:
ஒருவர் மட்டும் தொடுகிற மிஷினில் வையுங்கள். கடையில் வைத்தால் என்னைக் கட்டி வைத்து அடிப்பார்கள். மூடினால் போய்விடும் லாகின்கூட அந்த செட்டிங்கில் உயிரோடு திரும்பி வரும். சாயங்காலம் ஒருவர் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு லாக்அவுட் பண்ணாமல் போகிறார். காலையில் முதலில் வருகிறவர் முன்னால் அவருடைய ஆதார் நம்பரோடு பக்கம் விரிகிறது. சார் வீட்டிலும் மூன்று பேர்.

வில்லாபுரத்தார்:
மேலூர் அண்ணன் சொன்ன மாதிரி பக்கம் எழுதி, குரோம் போட்டு அதில் வைத்தேன். தமிழ் எழுத்தும் சரியாக வந்தது. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, புது டேப் திறந்தால் என் பக்கம் வரவில்லை. இன்னொன்று, நேற்று மகள் பிடிஎஃப் சேர்க்க ஏதோ இலவச மென்பொருள் இறக்கினாள். அதிலிருந்து பிரவுசரைத் திறந்தால் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. செட்டிங்கில் போய் எடுத்தேன், திரும்பவும் வருகிறது.

தல்லாகுளம் டீச்சர்:
முதல் தொல்லைக்கு நான் சொல்கிறேன். பிரவுசர் திறக்கும்போது வருவது ஒன்று, வீடு மாதிரி இருக்கும் பொத்தானை அழுத்தினால் வருவது ஒன்று, புது டேப் ஒன்று. மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டில் குரோம் நீங்கள் சொன்ன முகவரியை வைக்கும். மூன்றாவதை மாற்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் குட்டி மென்பொருள், போடணும். ஃபயர்பாக்ஸிலும் புது டேப்புக்கு அதே கதை. எக்ஸ்டென்ஷன் போட்டால் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். பேசாமல் வீட்டுப் பொத்தானைப் பழகிக்கொள்வது சுலபம்.

வெள்ளைத்தாள்:
இரண்டாவதற்கு நான். டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் 'டார்கெட்' என்ற கட்டத்தைப் பாருங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ என்றும் மேற்கோள் குறி என்றும் முடிந்திருக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஓர் இடைவெளி விட்டு ஏதாவது முகவரி ஒட்டியிருந்தால் அதுதான் திருடன். ஐகானே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லும்போது செட்டிங்கில் எத்தனை முறை அழித்தாலும் வரத்தான் செய்யும். அந்த வாலை வெட்டுங்கள். டாஸ்க்பாரில் குத்தி வைத்த ஐகானையும் பாருங்கள், அது தனி. பிறகு அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, தெரியாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் நீக்குங்கள். இனிமேல் இலவசமாக எது இறக்கினாலும் 'அடுத்து, அடுத்து' என்று தட்டாமல், ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பதை எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வில்லாபுரத்தார்:
வால் இருந்தது தம்பி, டாஸ்க்பாரிலும் இருந்தது. இரண்டையும் வெட்டியதும் என் பக்கம் வந்துவிட்டது. மகளிடம் காட்டினால், "பட்டா சிட்டா எனக்கு எதுக்குப்பா? டிஎன்பிஎஸ்சி மட்டும் போதும்" என்கிறாள்.

தல்லாகுளம் டீச்சர்:
குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் போடுங்கள். முதல் பக்கம், புக்மார்க், லாகின் எல்லாம் தனித்தனியாகிவிடும். அவள் டிஎன்பிஎஸ்சியை வைக்கட்டும், உங்கள் வீட்டம்மா வேண்டுமானால் என்னை மாதிரி வைக்கட்டும்.

வெள்ளைத்தாள்:
சரி, சார் கட்சி மாறமாட்டார் என்று தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கரண்ட் பில் வாங்கும் டான்ஜெட்கோ 2024-ல் பெயர் மாறியது. பெயர் மாறினால் என்றைக்காவது தளத்து முகவரியும் மாறும். அன்றைக்கு உங்கள் ஃபைலில் இருக்கும் லிங்க் செத்துக் கிடக்கும், நோட்பேடைத் திறந்து நீங்கள்தான் மாற்றணும். அண்ணே, உங்கள் கடையில் செத்த லிங்க்கை யார் தேடிப் பார்க்கிறார்கள்?

மேலூர் ஜெராக்ஸ்:
தேடவே வேண்டாம் தம்பி. கடைசித் தேதி அன்று பில் கட்ட வருகிறவர் வாயிலிருந்து தானாக வரும்.